கொர்பான் ஆகிவிட்ட அன்னையர் தினம்



மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நெருங்குகிறது. வழக்கம்போல இவ்வாண்டும் இருவகைக் கோரிக்கைகள் என்னிடம் வந்துள்ளன. அன்னையர் தினத்தை ஆராதனையில் சிறப்பாகக் கொண்டாட வேண்டும், தாய்மாரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்திக் கேக் வெட்ட வேண்டும் என்பது ஒரு சாராரின் விருப்பம். அது புறஜாதியாரின் பெண்தெய்வ விழாவிலிருந்து வந்தது, திருச்சபை அதைத் தொடவே கூடாது என்பது மற்றொரு சாராரின் எச்சரிக்கை. இரு சாராரையும் நான் நேசிக்கிறேன். எனினும் இரு சாராரும் தவறுகிறார்கள் என்று இவ்வாரம் வெளிப்படையாகவே எழுத வேண்டியவனாயிருக்கிறேன்.

முதலாவது, எச்சரிக்கிறவர்களுக்கு. பிரிகியா நாட்டில் சிபெலே என்னும் தாய்த்தெய்வத்தை வணங்கினார்கள் என்பதும், கி.மு. 204இல் அவ்வழிபாடு ரோமாபுரிக்குக் கொண்டுவரப்பட்டது என்பதும் சரித்திரம். ஆனால் அங்கிருந்து இன்றைய அன்னையர் தினத்துக்கு வழியேதும் இல்லை. இந்நாளை யார், எங்கே, எந்தத் தேதியில் தொடங்கினார் என்பது ஐயமற அறியப்பட்டிருக்கிறது. அது பிறந்த இடம் ஒரு மெதடிஸ்ட் ஆலயம்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கிராஃப்டன் என்னும் சிற்றூர் உண்டு. அங்கே ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் என்னும் அம்மையார் ஞாயிறு பள்ளி ஆசிரியையாக ஊழியம் செய்தார். பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்று, நால்வரை மாத்திரமே பெரியவர்களாகக் கண்டவர் அவர். மற்றவர்களை அக்காலத்துக் கொள்ளைநோய்கள் வாரிக்கொண்டன. அந்தத் துயரத்தோடு அவர் முடங்கிவிடவில்லை. 1858 முதல் சுற்றுவட்டார ஊர்களில் தாய்மாரைச் சங்கங்களாகக் கூட்டினார். அவர்கள் சுத்தமான குடிநீரைக் குறித்துக் கற்பித்தார்கள். குழந்தைகளுக்கான பாலைச் சோதித்தார்கள். ஏழைகளுக்கு மருந்து வாங்கப் பணம் திரட்டினார்கள். தாய் நோயுற்ற வீடுகளில் வேலை செய்ய ஆள் அமர்த்தினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது, காயப்பட்டவன் எந்தப் படையைச் சேர்ந்தவன் என்று கேளாமல் இருதரப்பு வீரருக்கும் பணிவிடை செய்தார்கள். போர் முடிந்தபின், 1868இல், எதிரெதிராக நின்று போரிட்டவர்களின் குடும்பங்களை ஒன்றாகக் கூட்டி ஒப்புரவாக்க அந்த அம்மையார் முயன்றார்.

1905 மே 9ஆம் நாள் அவர் மரித்தார். அவருடைய மகள் ஆனா ஜார்விஸ் எடுத்த முயற்சியினால், 1908 மே 10ஆம் நாள் ஞாயிறன்று, கிராஃப்டனில் அந்தத் தாய் கற்பித்த ஆலயத்திலேயே முதல் அன்னையர் தின ஆராதனை நடந்தது. தாய்க்குப் பிரியமான வெள்ளைக் கார்னேஷன் மலர்கள் 500ஐ மகள் அனுப்பிவைத்தார். ஆறு ஆண்டுகளுக்குப்பின், 1914இல், அதிபர் உட்ரோ வில்சன் அதைத் தேசிய நாளாக அறிவித்தார். சகோதரரே, இதில் சிபெலே எங்கே இருக்கிறாள்?

இனி, கொண்டாடுகிறவர்களுக்கு. இந்தச் சரித்திரத்தின் பின்பாதி உங்களுக்கானது. பூ வியாபாரிகளும் வாழ்த்து அட்டை அச்சடிப்போரும் மிட்டாய்க் கம்பெனிகளும் அந்நாளைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். மே மாதம் வந்தால் கார்னேஷன் மலரின் விலை ஏறிற்று. தாய்க்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுதவும் சோம்பற்பட்டு, அச்சடித்த அட்டையில் கையெழுத்திட்டு அனுப்பும் பிள்ளைகளைக் கண்டு ஆனா ஜார்விஸ் கொதித்தெழுந்தார். தாம் தொடங்கிய நாளின் வியாபாரத்தையே எதிர்த்து வாழ்நாளெல்லாம் வழக்காடினார். கையிலிருந்த பொருளையெல்லாம் அதிலே செலவழித்தார். 1948இல், பார்வை மங்கியவராய், ஒன்றுமில்லாதவராய், ஒரு மருத்துவ இல்லத்தில் அவர் கண்மூடினார். அந்த நாளைக் கொண்டாடுகிற நாம், அதைத் தொடங்கிய பெண்மணி எதை வெறுத்தாரோ அதையே ஆலயத்துக்குள் கொண்டுவருகிறோம்.

தாயைக் கனப்படுத்தும் எண்ணம் ஒரு தேசத்துக்கு மாத்திரம் உரியதன்று. இங்கிலாந்திலே லெந்து காலத்தின் நான்காம் ஞாயிறன்று, பெரிய வீடுகளில் வேலை செய்த பையன்களுக்கும் சிறுமியருக்கும் விடுமுறை அளித்து, தாயைக் காண வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. தாய்லாந்தில் ஆகஸ்ட் 12ஆம் நாள் பிள்ளைகள் தாய்க்கு மல்லிகை மலர் கொடுத்துப் பணிகிறார்கள். எகிப்தில் 1956 முதல் மார்ச் 21 அன்னையர் நாளாயிருக்கிறது. மலரும் மாதமும் மாறினாலும், உயிர் தந்தவளுக்கு நாம் கடன்பட்டவர்கள் என்னும் அறிவு மாறவில்லை. தேவன் மனுஷருடைய மனச்சாட்சியில் எழுதிய பிரமாணம் இது என்றே நான் எண்ணுகிறேன். வேதத்தை அறியாதவர்களும் அறிந்திருக்கிற ஒன்றில், வேதத்தைக் கையில் வைத்திருக்கிற நாம் பின்தங்கினால் நமக்கு என்ன சாக்கு உண்டு?

சீனாயில் கொடுக்கப்பட்ட ஐந்தாம் கற்பனையைக் கவனியுங்கள் (யாத்திராகமம் 20:12). அதை நாம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கிறோம்; பெரியவர்களான பின்பு மறந்துவிடுகிறோம். அந்த மலையடிவாரத்தில் கற்பனைகளைக் கேட்டவர்கள் யார்? வீடும் மனைவியும் வேலைக்காரரும் மாடும் உடையவர்கள் என்பது பத்தாம் கற்பனையிலிருந்தே விளங்கும். ஆகவே தாய் தகப்பனைக் கனம்பண்ணச் சொல்லும் கட்டளை, முதன்மையாக வளர்ந்த பிள்ளைகளுக்கு, முதிர்வயதான பெற்றோரைக் குறித்துக் கொடுக்கப்பட்டது. கனம்பண்ணுதல் என்பதற்கான எபிரெயச் சொல்லின் வேர் பாரமாயிருப்பதைக் குறிக்கும். தாயைப் பாரமென்று தள்ளாதே, பாரமுள்ளவளாக மதித்துக்கொள் என்று அதை நான் விளங்கிக்கொள்கிறேன். நீதிமொழிகள் 3:9இல் பொருளால் கர்த்தரைக் கனம்பண்ணச் சொல்லும் இடத்திலும் அதே சொல்தான் வருகிறது. வாய்மொழியோடு நின்றுவிடும் கனத்தை வேதம் அறியாது. லேவியராகமம் 19:3இல் தகப்பனுக்கு முன்னே தாய் குறிப்பிடப்படுவதையும் மறவாதிருங்கள்.

இப்பொழுது மாற்கு 7ஆம் அதிகாரத்துக்கு வருவோம். பெற்றோரைத் தாங்கவேண்டிய பொருளைத் தேவனுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லி, அதற்குக் கொர்பான் என்று பேரிட்டு, கடமையிலிருந்து நழுவிக்கொள்ள அன்றைய பாரம்பரியம் இடங்கொடுத்தது. நம்முடைய ஆண்டவர் அதைச் சிறு குற்றமாக எண்ணவில்லை. தேவவசனத்தையே அவமாக்குகிற செயல் என்று கண்டித்தார். பக்தியின் பேரால் தாயை ஏமாற்றுகிறவன் தேவனையே ஏமாற்றப் பார்க்கிறான்.

கொர்பான் பரிசேயரோடு முடிந்துபோயிற்றா? ஆண்டுக்கு ஒருமுறை மேடையில் போர்த்துகிற பொன்னாடை, மீதமுள்ள 364 நாளுக்கும் விடுதலைப் பத்திரமாகுமானால், அது கொர்பான். கைபேசியில் தாயின் புகைப்படத்தை ஊரறியப் பதிவிட்டுவிட்டு, அவளுடைய அழைப்பை எடுக்க நேரமில்லை என்பவனின் பதிவு கொர்பான். வீட்டைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டபின், அதே வீட்டில் தாய்க்கு இடமில்லை என்பவனின் தசமபாகமும் கொர்பானே. பெற்றோரைப் பராமரிக்கவும், பராமரிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தைத் திரும்பக் கேட்கவும் நம் நாட்டில் 2007இல் ஒரு சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. ஐந்தாம் கற்பனையைப் பிள்ளைகள் காத்திருந்தால், தாய் தன் மகன்மேல் தீர்ப்பாயத்தில் மனுக்கொடுக்க வேண்டிய நிலை ஏன் வருகிறது?

இந்தக் குற்றத்தில் சபைக்கும் பங்குண்டு. போதகனாகிய எனக்கும் உண்டு. பெருந்தொகை காணிக்கை கொண்டுவருகிறவரிடம், உம்முடைய தாய் சாப்பிட்டார்களா என்று நான் கேட்டதில்லை. கட்டட நிதிக்கு நன்றி சொல்லி ஜெபித்திருக்கிறேன். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகப் போகச் சொன்ன ஆண்டவரின் ஊழியன், தாயிடம் போம் என்று சொல்லத் தயங்கியது ஏன்? காணிக்கை குறைந்துவிடும் என்ற பயமே காரணம். இதைத் தேவனுக்கு முன்பாகவும் உங்களுக்கு முன்பாகவும் அறிக்கையிடுகிறேன்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். தாய்மார்கள் எழுந்து நில்லுங்கள் என்று நாம் அறிவிக்கும்போது, எழும்பாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் சகோதரிகளைக் கண்டிருக்கிறீர்களா? குழந்தையைப் பறிகொடுத்தவள், பிள்ளைப்பேற்றுக்காக அன்னாளைப்போல் கண்ணீர் விடுகிறவள், திருமணமாகாதவள் ஆகியோரை அந்த அறிவிப்பு ஒவ்வோர் ஆண்டும் காயப்படுத்துகிறது. இந்நாளை உலகுக்குத் தந்த ஆனா ஜார்விஸ் மணமாகாதவர், பிள்ளையில்லாதவர். நம் ஆலயத்தில் அவர் அமர்ந்திருந்தால் அவருக்கும் பொன்னாடை கிடைத்திராது.

ஆகையால், இவ்வாண்டு நம் சபையில் மேடையும் கேக்கும் பொன்னாடையும் வேண்டாம் என்று சபைக் குழுவினரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கென ஒதுக்கும் பணம், நம்மிடையே தனித்து வாழும் முதிய விதவைகளின் மருந்துச் செலவுக்குப் போகட்டும். விதவையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முதலாவது தங்கள் வீட்டில் தேவபக்தியை விளங்கப்பண்ணக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று 1 தீமோத்தேயு 5:4இல் பவுல் போதிக்கிறார். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரவர் தாயிடம் போங்கள். தூரத்திலிருப்பவர்கள் உங்கள் கையால் ஒரு கடிதம் எழுதுங்கள். தாய் யார் வீட்டில் எத்தனை மாதம் இருப்பது என்று உடன்பிறந்தவர்களோடு கணக்குப் பேசி வழக்காடுகிறவர்கள், அந்த வழக்கை அன்றைக்கே முடியுங்கள். மருமகளின் உழைப்பால் நடக்கிற பராமரிப்பைத் தன் புகழாக எண்ணுகிற மகன், அன்று அடுப்படியில் நின்று தன் தாய்க்குக் கஞ்சி காய்ச்சட்டும்.

மாதந்தோறும் பணம் அனுப்புகிறேனே என்று கேட்பீர்களானால், சிலுவையண்டை வாருங்கள். ஆணிகளில் தொங்கி, மூச்சுவிடவும் பாடுபட்ட வேளையில், நம் ஆண்டவர் தம்முடைய தாய் எங்கே தங்குவாள் என்பதைத் தீர்த்துவைத்தார் (யோவான் 19:26,27). உலகத்தின் பாவத்தைச் சுமந்த அந்த மணிநேரத்தில் தாயை நினைக்க அவருக்கு நேரமிருந்தது. நமக்கு இல்லை என்று யாரிடம் சொல்லப்போகிறோம்?

கர்த்தர் நம்முடைய காணிக்கைகளையும் நம்முடைய வீடுகளையும் பரிசுத்தப்படுத்துவாராக. ஆமென்.