பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீங்க தம்பி!

நம்ம ஆபீஸ் பையன்களுக்கு இப்போது ஒரு புது வியாதி. 'பெண் பார்க்கப் போகணும், லீவு போடுடா' என்று அம்மா கெஞ்சினால், 'ஆடிட் இருக்கும்மா' என்கிறார்கள். 'போடியில ஒரு பழைய ஜீப் இருக்காம்' என்று சிநேகிதன் சொன்னால் மட்டும் வெள்ளிக்கிழமை சாயங்காலமே பையைத் தூக்கிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு 2023 ஜூனிலிருந்து சென்னை ரயில் போடிநாயக்கனூர் வரைக்குமே போக ஆரம்பித்துவிட்டது. கேட்க வேண்டுமா!

சரி, ஏன் போடி? மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம். பாதிக்கு மேல் கேரளா பக்கம். விடியற்காலையில் வேலைக்குப் போகும் பெண்கள், உர மூட்டை, மருந்து டிரம், திரும்பும்போது ஏலக்காய்... எல்லாம் ஜீப்பில்தான் ஏறி இறங்க வேண்டும். பஸ் போகாத தோட்டப் பாதையில் அதுதான் பஸ், அதுதான் லாரி, அவசரத்துக்கு அதுதான் ஆம்புலன்ஸ். அதனால் ஊரில் பல ஷெட்டுகளில் ஒரு கிழ ஜீப் தார்ப்பாய் போர்த்திப் படுத்திருக்கும்.

போடியில் 'ஏலம்' என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று மணக்கும். இன்னொன்றில் கை தூக்கினால் பர்ஸ் காலி. ஜீப் வாங்கப் போகிறவர் இரண்டாவது ரகம்.

தார்ப்பாயை விலக்கியதும் ஓனர் அள்ளிவிடுவார். "தம்பி, இது அந்தக் காலத்து மிலிட்டரி வண்டி. வெள்ளைக்காரன் ஓட்டுனது!"

தலையாட்டாதீர்கள். முகத்தைப் பாருங்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்காக 1941-லிருந்து 45 வரை செய்த வில்லிஸ் எம்.பி. ஜீப்பின் கிரில்லில் ஒன்பது துவாரம். ஹெட்லைட் சின்னது, கிரில்லுக்குள் அடங்கி இருக்கும். பின்னால் திறக்கிற கதவு கிடையாது. யுத்தம் முடிந்து ஜனங்களுக்காக வந்த சி.ஜே. ரகத்தில் துவாரம் ஏழு, ஹெட்லைட் பெரிசு, பின்கதவு உண்டு. பானெட் தூக்கலாக, கொஞ்சம் வீங்கின முகமாக இருந்தால் அது சி.ஜே.3பி. அமெரிக்காவில் 1953-ல் வந்த மாடல். இங்கே மஹிந்திரா கம்பெனி அந்த முகத்தை விடாமல் பல பத்தாண்டுகள் செய்து தள்ளியது. அதுவும் நல்ல வண்டிதான். ஆனால் மஹிந்திராவுக்கு மஹிந்திரா விலை கொடுங்கள். சர்ச்சில் விலை கொடுக்காதீர்கள்!

அடுத்து ஓனர் சாவியைத் திருகுவார். வண்டி 'டுர்ர்ர்' என்று ஒரே அடியில் கிளம்பும். உங்கள் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு எரியும். "பாத்தீங்களா, என்ஜின் சும்மா கிண்ணுனு இருக்கு!"

இங்கேதான் நம்ம ஆட்கள் கவிழ்கிறார்கள். ஒரே ஒரு விஷயத்தை மனசில் வையுங்கள். என்ஜினை ரீபோர் பண்ணலாம், கியர் பாக்ஸை மாற்றலாம், தொட்டியையே புதிதாகக் கட்டலாம். ஒரே குடும்பத்து வண்டியை இத்தனை வருஷம் செய்ததால் சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் தேடினால் சாமான் அகப்படும். கடையில் கிடைக்காதது இரண்டுதான். ஒன்று நேர்மையான சேஸிஸ். இன்னொன்று நேர்மையான ஆர்.சி. புத்தகம். பழைய வண்டி என்பது இந்த இரண்டும்தான். மற்றதெல்லாம் உதிரி பாகம்!

அதனால் பெயின்ட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு பழைய கோணிச்சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள். சட்டை அழுக்காகும், பரவாயில்லை. கையில் டார்ச், ஸ்க்ரூடிரைவர், ஒரு சின்ன காந்தம்.

காந்தத்தைத் தொட்டியின் ஓரங்களில் வைத்துப் பாருங்கள். 'டக்'கென்று ஒட்டினால் தகடு. வழுக்கி விழுந்தால் உள்ளே பட்டி. சில வண்டிகளில் இரும்பைவிட பட்டிதான் அதிகம்.

ஸ்க்ரூடிரைவர் பிடியால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போங்கள். 'டிங்' என்றால் சரி, 'டொத்' என்றால் சந்தேகம். மலைப் பாதைச் சேறு சேஸிஸ் மூலைகளில் அப்பிக்கொண்டு மழைக்காலம் பூரா ஈரம் காக்கும். துரு உள்ளிருந்து தின்னும். முக்கியமாக ஸ்பிரிங் மாட்டுகிற இடங்களையும், ஸ்டியரிங் பாக்ஸ் உட்கார்ந்திருக்கிற இடத்தையும் பாருங்கள். அங்கே விரிசலோ, வெல்டிங் ஒட்டோ இருந்தால் கேள்வி கேளுங்கள். ஸ்பிரிங்கில் கம்பெனி கொடுத்ததற்கு மேல் பட்டை சேர்த்திருந்தால், அந்த ஜீப் தன் சக்திக்கு மேல் ஆள் ஏற்றியிருக்கிறது என்று அர்த்தம். ஆறு பேர் உட்காரும் வண்டியில் பதினைந்து பேர் தொங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போன கதையை ஓனர் சொல்ல மாட்டார். அந்தப் பட்டை சொல்லும்.

ஓனர் என்ஜினை முன்கூட்டியே ஓட்டிச் சூடு பண்ணி வைத்திருக்கலாம். அதனால் போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், "டீ சாப்பிட்டு வரலாம்ணே" என்று கிளம்பிவிடுங்கள். ஆறின பிறகு ஸ்டார்ட் பண்ணினால்தான் உண்மை தெரியும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் குப்குப்பென்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன். பயப்பட வேண்டாம், செலவுக் கணக்கில் எழுதி விலையைக் குறையுங்கள்.

குறைத்துப் பேசக்கூடாத ஒன்று உண்டு. பிரேக்!

பழைய ஜீப்புகளில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். எங்கேயாவது ஒரு குழாய் பிய்ந்தால் நாலும் போச்சு. ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்தில் இல்லை. புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் இருக்கிறது. அந்த ஷாஃப்ட் கழன்றால் அதுவும் போச்சு. சமவெளியில் இது குறை. முந்தலிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு இருக்கிற ரோட்டில் இது உயிர். அதனால் பெடலை ஒரு நிமிஷம் அழுத்தியே பிடித்திருங்கள். மெல்ல உள்ளே இறங்கினால், 'ஓட்டிப் பாக்கலாம் வாங்க' என்று அவர் கூப்பிட்டாலும் மலையேறாதீர்கள். மெக்கானிக் பிரேக்கைச் சரி பண்ணுகிற வரைக்கும் வண்டி லாரி மேலேதான் ஊர் போக வேண்டும்.

இனி காகிதம். சேஸிஸ் நம்பர் மேல் வெள்ளைத் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எடுங்கள். ஆர்.சி.யில் இருக்கிற நம்பரும் அதுவும் ஒரே எழுத்தாக இருக்க வேண்டும். கிரைண்டர் தடமோ, கோணல் எழுத்தோ தெரிந்தால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். பெட்ரோல் என்ஜினைக் கழற்றி டீசல் மாட்டியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா? பதிவு வண்டிக்கு முதலில் 15 வருஷம், அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்தார்களா? கே.எல்.06 என்று இடுக்கி நம்பர் இருந்தால் அங்கிருந்து என்.ஓ.சி. வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ம் நம்பர் படிவங்களில் ஆர்.சி.யில் பெயர் இருக்கிறவரே கையெழுத்துப் போட வேண்டும். "அவரு எங்க சித்தப்பாதான் தம்பி, காலமாயிட்டாரு" என்றால் வாரிசுக் காகிதம் கையில் வரும்வரை அட்வான்ஸ் கூடாது.

'வின்டேஜ் நம்பர் வாங்கிடுவேன் சார்' என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021-ல் வந்த விதிப்படி வண்டிக்கு 50 வயசு தாண்டியிருக்க வேண்டும். பெரிதாக மாற்றாமல் பழைய உருவத்திலேயே இருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய் என்று வைத்தார்கள். நம்பரில் 'வி.ஏ.' என்று எழுத்து வரும். ஆனால் அதில் தினமும் ஆபீஸ் போகக் கூடாது! கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேருக்கு... அவ்வளவுதான். டீசல் மாட்டின ஜீப்புக்கு இந்த ஆசை வேண்டாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் அந்த வண்டி உங்களைப் பார்த்துக் கண்ணடித்தால் தாராளமாக வாங்குங்கள். எத்தனையோ பேரை விடியற்காலையில் மலையேற்றி, சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து இறக்கின வண்டி அது. அதற்கு நீங்கள் செய்கிற முதல் மரியாதை புது பெயின்ட் இல்லை, புது பிரேக் லைன்!