தகவல் வெளியே போகட்டும், ஆள் உள்ளே வர வேண்டாம்

தொழிற்சாலை மெஷினில் இருக்கும் பி.எல்.சி.யிலிருந்து நாலு ரீடிங் எடுத்து, எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்கு அனுப்ப வேண்டும். கேட்கும்போது அரை நாள் வேலை மாதிரிதான் இருக்கும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், பி.எல்.சி. ஒரு நெட்வொர்க்கில் இருக்கிறது, சர்வர் வேறொரு நெட்வொர்க்கில் இருக்கிறது. நடுவில் ஆபீஸ் நெட்வொர்க், ஃபயர்வால், அதற்கும் மேலே எதைக் கேட்டாலும் "முடியாது" என்று சொல்லும் ஐ.டி. டிபார்ட்மென்ட்!

இந்த இடத்தில் எல்லோருக்கும் தோன்றும் குறுக்கு வழி போர்ட் ஃபார்வார்டிங். ரவுட்டரில் ஒரே ஒரு வரி. 502-வது போர்ட்டுக்கு வருவதையெல்லாம் பி.எல்.சி. பக்கம் தள்ளிவிடு. அஞ்சே நிமிஷத்தில் சர்வரில் நம்பர் ஓட ஆரம்பித்துவிடும். டெமோ ஓகே, கைதட்டல், மார்க். ஆனால் இது "பாதுகாப்பு கொஞ்சம் கம்மி" என்கிற ரகம் இல்லை. செய்யவே கூடாத ரகம்.

ஏன் என்று புரிய மாட்பஸ் பற்றித் தெரிய வேண்டும். 1979-ல் மாடிகான் கம்பெனி கொண்டு வந்தது. அன்றைக்கு சீரியல் கேபிள்தான், இரண்டு முனையும் பெரும்பாலும் ஒரே கட்டடத்துக்குள். பேசுவது யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பிற்பாடு அதையே டி.சி.பி. மேல் ஏற்றி 502-வது போர்ட்டைக் கொடுத்தார்கள். யூசர்நேம் கிடையாது, பாஸ்வேர்ட் கிடையாது. ஃபங்ஷன் கோட் 3 அனுப்பினால் ரிஜிஸ்டரைப் படிக்கலாம். 6 அனுப்பினால் அதே ரிஜிஸ்டரில் எழுதலாம். இரண்டுக்கும் நடுவில் வாட்ச்மேன் யாரும் இல்லை. "சும்மா படிக்கத்தானே திறந்து வைத்தோம்" என்ற சமாதானம் இங்கே செல்லாது. டெம்பரேச்சரைப் படிக்கத் திறந்த கதவு வழியாகவே இன்னொருவர் செட்பாயின்ட்டை மாற்றிவிட்டுப் போகலாம். (டி.எல்.எஸ். சேர்த்த மாட்பஸ் 2018-ல் வந்தது. அதற்கு முன்பே வாங்கிப் போட்ட மெஷின்களுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.)

இதெல்லாம் வெறும் பயமுறுத்தல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு ஊர் உதாரணம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிக்விப்பா. 2023 நவம்பரில் அங்கே குடிநீர் அழுத்தத்தைச் சரிபார்க்கும் பூஸ்டர் ஸ்டேஷனில் இருந்த யூனிட்ரானிக்ஸ் பி.எல்.சி.யை வெளியாட்கள் கைப்பற்றி, திரையில் தங்கள் அரசியல் வாசகத்தைப் போட்டார்கள். அலாரம் அடித்தது, ஊழியர்கள் கையால் இயக்கும் முறைக்கு மாறினார்கள், தண்ணீருக்கு ஆபத்து வரவில்லை. அதற்குப் பிறகு அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா சொன்ன அறிவுரையைப் பாருங்கள்: "1111" என்ற டிஃபால்ட் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பி.எல்.சி.யை நேரடி இணையத்திலிருந்து பிரித்துவிடுங்கள். ஆமாம், நாலு ஒன்று! பெரிய மூளைக்காரர்கள் தேவைப்படவே இல்லை.

சரி, அப்புறம் எப்படித்தான் அனுப்புவது? திசையை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். சர்வர் உள்ளே வந்து கேட்கக் கூடாது. உள்ளேயிருந்து ஒருவர் வெளியே போய்க் கொடுக்க வேண்டும். பி.எல்.சி. பக்கத்தில் ஒரு சின்ன கேட்வே கம்ப்யூட்டர், அதில் இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒன்று மெஷின் பக்கம் பார்த்துப் படிக்கும். மற்றது சர்வரை நோக்கித் தானே கனெக்‌ஷன் எடுக்கும். ஐ.பி. ஃபார்வார்டிங்கை மட்டும் மறக்காமல் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கேட்வே வெறும் ரவுட்டராகிவிடும். எல்லா மெஷினும் ஒரே ஐ.பி. முகவரியோடு வந்து இறங்கும் தலைவலிக்கும் இந்த ஏற்பாட்டில் வழி உண்டு, ஒவ்வொரு மெஷினையும் தனித்தனி கேட்வேக்குப் பின்னால் ஒளித்துவிடலாம்.

எம்.க்யூ.டி.டி. இதற்கென்றே பிறந்தது போல இருக்கும். 1999-ல் ஐ.பி.எம்.மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களின் தகவலைச் சாட்டிலைட் வழியாக அனுப்ப உருவாக்கியது. ஃபயர்வாலில் வெளியே போகும் 8883 மட்டும் போதும், உள்ளே வர ஓட்டையே வேண்டாம். ஐ.டி. ஆட்களும் இதற்குத் தலையாட்டுவார்கள். ஒன்றே ஒன்று, கேட்வே எந்த டாபிக்கையும் சப்ஸ்கிரைப் செய்யக் கூடாது. செய்தால் கட்டளை திரும்பி உள்ளே வர வழி பிறந்துவிடும்.

"வி.பி.என். போட்டால் முடிந்ததே" என்பார்கள். வி.பி.என். கதவை மூடுவதில்லை, சாவி போடுகிறது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்குக் கரண்ட் போனபோது, ஆபீஸ் நெட்வொர்க்கில் திருடிய பாஸ்வேர்டோடு வி.பி.என். வழியாகத்தான் கன்ட்ரோல் நெட்வொர்க்குக்குள் போனார்கள். மெயின்டனன்ஸுக்கு ஆள் உள்ளே வந்தே ஆக வேண்டும் என்றால் வி.பி.என். சரி. நாலு நம்பர் அனுப்புவதற்கு எதற்கு?

இன்னொரு விஷயம், பலரும் கோட்டை விடுவது. லைன் கட்டாகும். கட்டாயம் கட்டாகும். கேட்வே அந்த நேரத்து ரீடிங்கைத் தன் டிஸ்க்கில் சேர்த்து வைத்து, லைன் வந்ததும் அனுப்ப வேண்டும். நேரமுத்திரையைப் படித்த இடத்திலேயே போட வேண்டும். சர்வரில் போட்டால் ராத்திரி 2 மணி ரீடிங்கெல்லாம் காலை 6 மணிக்கு ஒரே குவியலாக விழுந்து, பாய்லர் விடியற்காலையில் பைத்தியம் பிடித்து ஆடியது போல கிராஃப் வரும். :-) ஒரே ரீடிங் இரண்டு முறை வருவதும் சகஜம், க்யூ.ஓ.எஸ். 1-ன் குணமே அது. சர்வர் பக்கம் அதைக் கழித்துவிட வேண்டும்.

இவ்வளவும் ஓட ஆரம்பித்த அடுத்த வாரம் மேனேஜர் வருவார். "நல்லா இருக்கு தம்பி, அப்படியே போன்லயே மோட்டாரை ஆஃப் பண்ற மாதிரி ஒரு பட்டன் வெச்சிடுங்க!" அந்த பட்டன் ஒரு சின்ன ஃபீச்சர் இல்லை, வேறொரு ப்ராஜக்ட். அதற்குத் தனி பட்ஜெட், தனி டிசைன், மெஷின் பக்கத்தில் ஒரு பூட்டு சுவிட்ச், அதன் சாவி ஷிஃப்ட் சூப்பர்வைசர் கையில். இத்தனைக்கும் அவர் சம்மதித்தால் பேசலாம். அதுவரை கேட்வே படிக்க மட்டும்தான்.