வெயிலைத் தாங்காத தடுப்பூசி யாருடைய குறை?

2020 இறுதியில் ஃபைசர் நிறுவனத்தின் கொரோனா தடுப்பூசி வெளிவந்தபோது, அதனைச் சுழியத்துக்குக் கீழே 70 டிகிரிக் குளிரில் வைத்துக் காக்க வேண்டும் என்றார்கள். இந்தியாவில் அத்தகைய உறைபெட்டிகள் போதிய அளவில் இல்லையே என்ற புலம்பல் உடனே எழுந்தது. உறைபெட்டி இல்லாதது நமது குறையாம்! கோடானுகோடி மக்கள் வெப்ப நாடுகளில் வாழும் உலகில், வெயிலைத் தாங்காத மருந்தைப் படைத்தது யாருடைய குறை?

அது அறிவியலின் எல்லை, லாபத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பார்கள் சந்தையின் வழக்கறிஞர்கள். பெரியம்மையின் வரலாறு இதை மறுக்கிறது. நீர்வடிவிலான பழைய அம்மைப்பால் கோடையில் விரைவிலேயே வீரியம் இழந்தது. 1950களில் லண்டன் லிஸ்டர் ஆய்வுக்கூடத்தில், பெப்டோன் சேர்த்து உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்தும் முறை செம்மையாக்கப்பட்டது. அவ்வாறு உலர்த்திய மருந்து 37 டிகிரி வெப்பத்திலும் ஒரு மாதம் கெடாமல் இருந்தது. 1958இல் உலக சுகாதாரப் பேரவையில் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தை முன்மொழிந்த சோவியத் யூனியன், இந்த உலர்மருந்தைக் கோடிக்கணக்கில் இந்தியாவுக்கு நன்கொடையாக அளித்தது. பின்னர் கிண்டி, ஹைதராபாத், பெல்காம், பட்வாடாங்கர் ஆகிய ஊர்களின் அரசு நிறுவனங்களே அதனைத் தயாரித்தன. மின்சாரம் எட்டாத சிற்றூர்களுக்கும் அது சென்றது. 1975க்குப் பின் இந்நாட்டில் பெரியம்மை இல்லை.

எல்லாத் தடுப்பூசிகளையும் எளிதில் உலர்த்திவிட முடியாது என்பது உண்மையே. அலுமினிய உப்பு கலந்த பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ்-பி போன்றவை உறைந்தால் பாழாகும். ஆய்வு தேவை. ஆனால் நல்ல விலை தரும் நாடுகளில் குளிர்பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. பிறகு முதலாளி எதற்காக ஆராய்வார்? பொதுநலன் கேட்டால் மட்டுமே நடக்கிறது. ஆப்பிரிக்காவின் மூளைக்காய்ச்சலுக்காகத் திட்டமிட்டு உருவாக்கி, புனேயில் தயாரிக்கப்பட்ட மெனாஃப்ரிவாக், 40 டிகிரி வரையிலான வெப்பத்தில் நான்கு நாட்கள் வெளியே இருக்கலாம் என்று 2012இல் அனுமதி பெற்றது. நம் நாட்டிலேயே உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிதியுதவியோடு ஜென்னோவா நிறுவனம் உலர்த்திய எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியைச் செய்தது, அதற்கு 2 முதல் 8 டிகிரி போதும். 70 டிகிரி உறைகுளிர் இயற்கை விதியல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? (பணம் மக்களுடையது, விற்பனை மட்டும் கம்பெனியுடையது.)

ஆய்வில் மிச்சம்பிடித்த செலவு மறைந்துவிடுவதில்லை. மே மாத வெயிலில் ஐஸ் பைகள் அடுக்கிய பெட்டியைத் தோளில் சுமக்கும் துணைச் செவிலியர் தலையிலும், முகாமுக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் மருந்து கொண்டுசெல்வோர் தலையிலும் அது இறங்குகிறது.

இந்த ஆய்வைச் செய்ய வேண்டிய பொதுத்துறையை என்ன செய்தார்கள்? 2008 ஜனவரியில் காங்கிரஸ் தலைமையிலான அரசு, உற்பத்தித் தரவிதிகளைக் காரணம் காட்டி, கசௌலி, குன்னூர், கிண்டி நிறுவனங்களின் உரிமங்களை நிறுத்திவைத்தது. பழுது இருந்தால் பழுதையல்லவா நீக்க வேண்டும்? 2010இல் உரிமம் திரும்புவதற்குள் சந்தையைத் தனியார் நிரப்பிக்கொண்டனர். மோடி ஆட்சியிலோ, செங்கல்பட்டில் மக்கள் பணத்தில் எழுந்த தடுப்பூசி வளாகம், கொரோனா உச்சத்தில் இருந்த 2021இல் ஒரு குப்பிகூடத் தராமல் கிடந்தது.

இந்நிறுவனங்களுக்கு உலர்த்தும் இயந்திரங்களையும் ஆய்வாளர்களையும் ஒன்றிய அரசு உடனே வழங்க வேண்டும். அரசு நிதி பெறும் ஒவ்வொரு தடுப்பூசியும் 40 டிகிரியில் எத்தனை நாள் தாங்கும் எனச் சோதித்து வெளியிடுவதை ஒப்பந்த நிபந்தனையாக்க வேண்டும். பெட்டி சுமப்போருக்கு மாத ஊதியம் வேண்டும்.