பெயரில்லாப் படங்கள்

எமது பத்திரிகைகளில் வரும் மரண அறிவித்தல்களைப் பாருங்கள். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பெற்றோர், பிள்ளைகள், மருமக்கள், அவர்கள் வாழும் நாடுகள் என அனைத்தும் ஒழுங்காக அச்சேறியிருக்கும். ஒரு குடும்பத்தின் உறவுமுறையை நாம் முழுமையாக எழுதிவைப்பது பெரும்பாலும் அப்போதுதான்.

குடும்பப் படங்களின் நிலை வேறு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு மக்கள் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ வீடுகளில் அல்பங்கள் கைவிடப்பட்டன. தப்பிய படங்கள் இன்று ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் வட்ஸ்அப்பில் செல்கின்றன. படத்தில் இருப்பவர் யார் என்பதை மட்டும் எவரும் எழுதுவதில்லை. பெரியம்மாவுக்குத் தெரியும் என்று இருந்துவிடுகிறோம். அவருக்குப் பின்னர்?

படத்தோடு பெயர், உறவுமுறை, ஊர், ஆண்டு ஆகியவற்றையும் அனுப்புங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். மரண அறிவித்தல் வரை காத்திருக்க வேண்டாம்.