ஆண்பாற் சொல்லில் அடைபட்ட பதவி

இலங்கைப் பொலிஸ் திணைக்களத்தின் வரலாறு 1866இல் தொடங்குகிறது. பெண்கள் அதில் சேர்க்கப்பட்டதோ 1950களின் தொடக்கத்தில். பிரதிப் பொலிஸ் மா அதிபராக முதன்முதலில் ஒரு பெண், பிம்ஷானி ஜாசிங்ஆராச்சி, நியமிக்கப்பட்டது 2020இல். வாசலைத் தாண்டுவதற்கே எண்பது ஆண்டுகளுக்கு மேல்; அந்தப் படியை எட்டுவதற்கு மேலும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள்!

அதனையும் பொறுக்க இயலாதோர் இருந்தனர். 2021இல் 32 ஆண் அதிகாரிகள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுத் தாக்கல் செய்தனர். பொலிஸ் ஒழுங்குவிதிகளின்படி அப்பதவி ஆண்களுக்கே உரியது என்பது அவர்களது வாதம். பால் அடிப்படையில் எவருக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை. பெண்களின் முன்னேற்றத்திற்காக விசேட ஏற்பாடுகள் செய்யவும் அதே உறுப்புரை இடமளிக்கிறது.

ஆயினும் அந்த 32 பேரை மட்டும் குறைகூறி நாம் ஒதுங்கிவிட முடியாது. அவர்கள் கையில் ஆயுதமாய் அகப்பட்டது ஒழுங்குவிதியின் வாசகமே. பதவிகளை ஆண், பெண் என வகுத்து, பெண்களுக்குக் குறுகிய ஆளணியை ஒதுக்கிவிட்டால், திறமை உள்ளவளையும் எவரும் வெளிப்படையாக மறுக்க வேண்டியதில்லை. "வெற்றிடம் இல்லை" என்ற இரு சொற்களே போதும்.

இது சில அதிகாரிகளின் பதவியுயர்வுப் பிரச்சினை மட்டுமன்று. பெண்ணைச் சோதனையிடுவதாயின் இன்னொரு பெண்ணே அதனைச் செய்ய வேண்டும் என்கிறது 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. குடும்ப வன்முறையைத் தடுக்க 2005இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. சட்டங்கள் இருக்கின்றன, அவற்றைச் செயற்படுத்தப் போதிய பெண் உத்தியோகத்தர்கள் வேண்டாமா?

வடக்கு, கிழக்கில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. தமிழும் அரசகரும மொழி என 1987இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டது. கணவனிடம் அடிபட்டு வரும் தமிழ்ப்பெண், தன் துயரை ஓர் ஆணிடம், அதுவும் மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்ல நேர்ந்தால், பாதியை விழுங்கிவிட்டே வீடு திரும்புவாள். போரின் கசப்பால் தம் பெண்பிள்ளைகளை இச்சேவைக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரை நான் குறைகூற மாட்டேன். அந்தத் தயக்கத்தை நீக்கும் பொறுப்பு அரசினுடையது.

ஆண், பெண் இருபாலாருக்கும் ஒரே பதவிநிரல், ஒரே பதவியுயர்வு ஏணி, தமிழ் பேசும் பெண்களுக்கு விசேட ஆட்சேர்ப்பு: இம்மூன்றும் சலுகைகள் அல்ல, முறைப்பாடு செய்ய வருபவளுக்கு அரசு செலுத்த வேண்டிய கடன்.