நஜீஸ் என்றால் எறிந்துவிடலாமா?



நாம் பாடம் நடத்தும் மக்தபின் பின்புறம் மழைநீர் வடிகால் ஒன்று உள்ளது. ஐப்பசி மழையில் அது நிரம்பி ஓடிய ஒரு மாலையில், மாணவர்கள் அதிலிருந்து ஒரு நாய்க்குட்டியை மீட்டெடுத்தனர். பிறந்து ஒரு மாதம் ஆகியிருக்கலாம். இரு கைகளுக்குள் அடங்கிவிடும். அட்டைப்பெட்டியில் பழைய சாக்கை விரித்து, படிக்கட்டின் கீழே வைத்தனர். மஃரிபுக்கு வந்த பெரியவர் ஒருவர் அதைக் கண்டதும் பெட்டியைக் காலால் தள்ளினார். “நஜீஸை மதரஸாவுக்குள் வைப்பதா? சாக்கில் கட்டி மீன் சந்தையில் விட்டுவிட்டு வாருங்கள்” என்றார். ஒன்பது வயது மாணவன் ஒருவன் நம்மைப் பார்த்து, “உஸ்தாத், நஜீஸ் என்றால் எறிந்துவிடலாமா?” என்று கேட்டான்.

மூத்தவர் முன்னிலையில் மறுத்துப் பேசத் தயங்கி நாம் மௌனமாக நின்றோம். அவர் சென்றபின் பெட்டியை எடுத்து வெளியே விறகுக் கொட்டகையில் வைத்ததோடு சரி. அந்த மௌனத்தின் கடனாகவே இதை எழுதுகிறோம்.

நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர். நாய் முழுமையாக நஜீஸ் என்பதும், அதன் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை, அவற்றில் ஒருமுறை மண் கலந்து, கழுவவேண்டும் என்பதும் நம் மத்ஹபின் சட்டம். அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தச் சட்டம் யாரை நோக்கிப் பேசுகிறது? நம் கையையும் ஆடையையும் பாத்திரத்தையும் நோக்கி! தொழுகைக்கு நிற்பவன் எவ்வாறு தூய்மை பெறுவது என்பதே அதன் பேச்சு. அந்தப் பிராணி தண்டனைக்குரியது என்று எந்தக் கிதாபிலும் எழுதப்படவில்லை. உலர்ந்த கை உலர்ந்த ரோமத்தில் பட்டால் கழுவும் கடமைகூட இல்லை. ஹனஃபி மத்ஹபில் உமிழ்நீரே நஜீஸ். மாலிக்கி மத்ஹபில் நாயின் உடல் தூய்மையானதே. நான்கு இமாம்களும் கருத்து வேறுபட்ட ஒன்றைக் காலால் உதைப்பதற்கு ஆதாரமாக்குவது என்ன நியாயம்?

மாணவர்கள் குட்டியைத் தூக்கியபின் குழாயடியில் நின்று ஏழு முறை கழுவினர். பல மாதங்களாகக் கிதாபில் வாசித்த பாடம் அன்று கால் மணி நேரத்தில் விளங்கியது.

அடுத்து கீராத் ஹதீஸை முன்வைப்பார்கள். தேவையின்றி நாய் வளர்ப்பவரின் நற்செயலிலிருந்து நாள்தோறும் குறைக்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது உண்மை. ஆயின் அதே ஹதீஸில் ஆட்டு மந்தைக்கும் வேட்டைக்கும் விளைநிலத்துக்கும் விலக்கு உண்டே! அந்தப் பாதியை ஏன் விழுங்கிவிடுகிறோம்? வீட்டுக் காவலையும் இத்துடன் ஒப்பிட்டு அனுமதிப்பதே சரியான கருத்து என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். இத்தகைய பணிகளுக்காகக் குட்டியை எடுத்து வளர்ப்பதையும் அவர்கள் அனுமதித்துள்ளார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பியவரின் மாளிகை வாசலில் பல்லாயிரம் ரூபாய்க்கு வாங்கிய ஜெர்மன் ஷெப்பர்ட் நிற்கிறது. அதற்கு எவரும் ஃபத்வா கேட்டு வரவில்லை. தெருக்குட்டிக்கு மட்டும் நஜீஸ் நினைவுக்கு வருகிறது.

குகைவாசிகளின் நாயை எண்ணிப் பாருங்கள். அது முன்கால்களை விரித்து வாசலில் கிடந்ததாக அல்லாஹ் கஹ்ஃப் சூராவில் கூறுகிறான். வாசலோடு நின்றது, ஆனால் விரட்டப்படவில்லை. அவர்கள் எத்தனை பேர் என்று மக்கள் தர்க்கித்தபோதும் ஒவ்வோர் எண்ணிக்கையிலும் அந்த நாய் சேர்க்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்குள் வைப்பதற்கும் சந்தையில் எறிவதற்கும் இடையே வாசல் என்றோர் இடம் இருக்கிறது, சகோதரர்களே!

தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு புகட்டியவரை அல்லாஹ் மன்னித்த செய்தி ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. பூனையை அடைத்துவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் செய்தியும் அவ்வாறே. அப்பெண்ணின் குற்றம் என்ன? தானும் உணவளிக்கவில்லை, அது தானே இரை தேடவும் விடவில்லை. ஒரு மாதக் குட்டியால் இரை தேட முடியுமா? மீன் சந்தையின் பெரிய நாய்களுக்கிடையே அதை விட்டுவிட்டு வருவது அடைத்துவைப்பதிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது? சாக்கைக் கட்டும் வேலையைச் சிறுவர்களிடம் ஒப்படைத்து, அதற்கு மார்க்கத்தின் பெயரையும் சூட்டுவதே நம்மை அதிகம் வருத்தியது.

நாய்க்கடிக்கு அஞ்சும் பெற்றோரின் அச்சம் நியாயமானது. வெறிநோய் வந்தபின் சிகிச்சை இல்லை. அதற்கான வழி, குட்டிக்கு மூன்று மாதத்தில் தடுப்பூசி போடுவதும், வளர்ந்தபின் கருத்தடை செய்வதும். ஓர் ஊரின் குட்டிகளை அடுத்த ஊரில் கொட்டுவதால் எந்தக் குழந்தைக்கும் பாதுகாப்பு வந்துவிடாது.

குட்டிக்கு இடம் தேடி நான்கு வீடுகளில் கேட்டோம். இருவர் சிரித்தனர். ஒருவர், “ஆலிம்சாவுக்கு வேறு வேலை இல்லையா?” என்றார். நான்காமவர் ஊரின் எல்லையில் வெள்ளாடு வளர்ப்பவர். இரவில் ஆடுகள் திருட்டுப் போவதாகக் கவலையில் இருந்தார். “குட்டி ஆணா பெண்ணா?” என்று மட்டும் கேட்டார். கால்நடை மருந்தகத்தில் பூச்சி மருந்து கொடுத்து அங்கே சேர்த்தோம். கொட்டிலின் வாசலில் அதற்கு ஓர் ஓலைக்கூரை உண்டு. சோற்றுச் சட்டி தனி. கேள்வி கேட்ட மாணவன் வெள்ளிக்கிழமைதோறும் சென்று பார்த்து வருகிறான்.

வடிகாலின் மறுபக்கம் அதே ஈற்றின் குட்டிகள் இன்னும் இரண்டு கிடக்கின்றன. தாயைக் காணவில்லை. தோப்போ ஆட்டுக்கொட்டிலோ வைத்திருப்பவர்கள் அஸருக்குப்பின் மக்தபுக்கு வாருங்கள். நாம் அங்கேதான் இருப்போம், இன்ஷா அல்லாஹ்.