சாலையில் எண்ணியது ஊர்க்கணக்கு ஆகாது

என் மாணவர்களே, உறவுகளே! பூவம் முதல் காரைக்கால் வரை பைக்கில் போய்ப் பறவைகளை எண்ணி, பரப்பளவால் பெருக்கி, 'மாவட்டத்தில் இத்தனை ஆயிரம்' என்று குடும்பக் குழுவில் போட்டாயிற்று. உடனே ஒருவர், 'இவ்வளவு இருக்கே, குட்டையைத் தூர்த்தால் என்ன?' என்கிறார். இதற்கா கணக்கு சொல்லிக்கொடுத்தேன்?

கரிச்சான் மின்கம்பி தேடிச் சாலைக்கே வரும். நாற்றுக்குள் பதுங்கும் கானாங்கோழி, லாரி இரைச்சலில் கண்ணிலும் படாது, காதிலும் விழாது. பெருக்கினால் பிழையும் சேர்ந்து பெருகும்.

அமெரிக்காவில் 1966 முதல் சாலையோரம் 50 இடங்களில் மும்மூன்று நிமிடம் எண்ணுகிறார்கள். ஆண்டுக்காண்டு கூடுகிறதா, குறைகிறதா என்று பார்க்கத்தான் முக்கியமாக அது. மொத்த எண்ணிக்கைக்குப் பல திருத்தம் போட்டும் அங்கே சர்ச்சை ஓயவில்லை.

வரும் பொங்கல் கணக்கெடுப்புக்கு வரப்பில் இறங்குங்கள். முழங்கால் விட்டால் நானும் வருகிறேன்.